அத்தை உட்கார்ந்தால் இறங்கும் முள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வீட்டில் ஒரு குறையும் இல்லை. நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லவேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று யோசிக்க வேண்டாம். இந்த வீட்டில் போனில் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கும்.

விஷயம் உங்கள் டீசல் பிக்கப் வண்டிதான். போனமுறை நீங்கள் இருவரும் அதில் வந்தபோது, நீங்கள் ஆசையாக வாங்கிப் பொருத்திய டீசல் அழுத்த மீட்டரின் முள் வழியெல்லாம் இறங்கி இறங்கி ஏறியதாகச் சொன்னீர்கள். பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு இதில் திரும்பப் பயமாக இருக்கிறது என்று வண்டியை என்னிடம் விட்டுவிட்டு ரயிலேறினீர்கள். ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து தூரம், வேறு வண்டியும் கிடையாது, ஆகவே மகளுக்கு வலி எடுப்பதற்குள் வண்டியும் அதற்குள் உங்கள் அத்தையும் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது நமக்குள் ஏற்பாடு. வண்டி தயாராகிவிட்டது. அத்தைதான் அதில் ஏற மறுக்கிறாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவருக்குக் 'கழற்றி' என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் முதலில் கழற்றிவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார். டீசல் ஃபில்டரைக் கழற்றி மாற்றினார். நானும் உங்கள் அத்தையும் ஒரு நடை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஊருக்குள் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. நல்ல சாலை வந்து நான் கொஞ்சம் அழுத்தியதும் பொத்தென்று விழுந்தது. காலை எடுத்து மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாததுபோல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்து சொன்னால், "ஃபில்டர்ல இல்லன்னா பம்புல இருக்கும் சார், பம்புல இல்லன்னா டேங்க்குல இருக்கும், வண்டிய விட்டு எங்க போயிடப் போகுது" என்றார். பம்பு மாறியது. டேங்க்கை இறக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தார். டீசல் குழாய் ஒவ்வொன்றிலும் காற்று புகுகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நானும் அத்தையும் ஒரு சுற்றுப் போவோம், நல்ல சாலை வரும், முள் விழும், நாங்கள் நத்தை வேகத்தில் வீடு திரும்புவோம். ஒருநாள் கழற்றியே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அன்றைக்குப் பார்த்து முள் நெட்டுக்குத்தலாக நின்றது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. "பாத்தீங்களா, சரியாயிடுச்சு" என்று அவர் இறங்கிப்போனார். மறுநாள் அத்தை உட்கார்ந்தாள், முள் இறங்கியது.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் நான். ஒரு முள் எப்போது இறங்குகிறது, யார் இருக்கும்போது இறங்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நான் மட்டும் போனால் இறங்குவதில்லை. கழற்றி வந்தால் இறங்குவதில்லை. அத்தை வந்தால் இறங்குகிறது. மாப்பிள்ளை, நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கணக்கு அப்படி வந்தது. இதை உங்கள் அத்தையிடம் எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். "நீ உக்காந்தா சீட்டு அமுங்கி கீழ ஏதோ குழாய நசுக்குதுன்னு நினைக்கிறேன், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் குண்டுன்னு சொல்றீங்க" என்றாள். இல்லை, குழாய் மெல்லிசு என்கிறேன் என்று சமாளித்தேன். எடுபடவில்லை.

ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைச் சந்தேகப்படுவது தப்பு என்று, என் பழைய ஆபீசுக்குப் போய் முத்திரை குத்திய இரும்பு எடைக்கற்களை இரவல் வாங்கி வந்தேன். அத்தையின் எடைக்குச் சரியாக அவளுடைய சீட்டில் அடுக்கி ஓட்டிப் பார்ப்பது திட்டம். எடையைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்றாள். ஆகவே கண்மதிப்பாக அடுக்கினேன். சோதனையில் குறை வரக்கூடாது என்று கூடுதலாக இன்னொரு கல்லையும் வைத்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அது எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மாடி வீட்டுக்காரர் வேறு, நான் கற்களுக்கு சீட் பெல்ட் மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று விசாரித்தார்.

கற்களோடு நல்ல சாலையில் விரட்டினேன். முள் இறங்கவில்லை. எடை காரணமில்லை என்று ருசுவானது. இந்த நல்ல செய்தியை உடனே அத்தையிடம் சொல்லி, "உன் எடையில தப்பில்ல, உன்கிட்டதான் ஏதோ இருக்கு" என்றேன். அவளுக்கு ஏன் இன்னும் கோபம் அதிகமானது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

பிறகு ஒயர்மேனைக் கூப்பிட்டேன். மீட்டருக்கு எர்த் சரியில்லாவிட்டால் முள் கண்டபடி காட்டும் என்று எர்த் ஒயரை மாற்றினார், சென்சாரை மாற்றினார். கடைசியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. தராசு வேலையில் முதல்நாளே சொல்லித் தருவது என்ன? ஒரு முள்மேல் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இன்னொரு முள்ளை வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றியிடம் இருந்த கைமீட்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில் டீசல் குழாயிலேயே மாட்டி, அதன் நீளமான ரப்பர் குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை வைப்பரோடு சேர்த்துக் கட்டினேன். உள்ளே ஒரு முள், கண்ணாடிக்கு வெளியே ஒரு முள். அத்தையை நான் சமாதானப்படுத்தவில்லை. மகளுக்குப் போனில் சொல்லி அவள் மூலம் சமாதானப்படுத்தினேன். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் போனில் வெகுநேரம் பேசினாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து ஏறினாள், அழுதிருப்பாள் போல. நல்ல சாலை வந்தது, அழுத்தினேன், உள்முள் விழுந்தது, வெளிமுள் அசையவே இல்லை. அழுத்தம் ஒழுங்காகவே இருக்கிறது, மாப்பிள்ளை. பம்பு, டேங்க், ஃபில்டர் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம். உங்கள் மீட்டர் பொய் சொல்கிறது. அதுவும் உங்கள் அத்தை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பொய் சொல்கிறது. என் சர்வீசில் இப்படி ஒரு கருவியை நான் பார்த்ததே இல்லை.

ஆகவே அந்த மீட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றிருக்கிறேன். முள் இல்லாவிட்டால் இறங்குவதற்கு ஒன்றும் இல்லை, அத்தைமேல் பழியும் இல்லை, அவளும் ஏறிவிடுவாள். எனக்கும் வழியில் நிதானிக்க வேண்டிய அவசியம் இருக்காது, ஒரே மூச்சில் விரட்டி வந்துவிடுவேன். மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது நான் இங்கே எடைக்கல் அடுக்கிக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை, மாப்பிள்ளை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. மீட்டர் உங்களுடையது என்பதால் உங்கள் அனுமதி வேண்டும். போனில் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வேன்.

மகளைக் குனிந்து எதையும் தூக்க விட வேண்டாம். பிறக்கப்போவது யாராக இருந்தாலும் இப்போதே என் ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதை எழுதுவது அத்தை. உங்கள் மாமா கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கிறார். பசை என் கையில் இருக்கிறது. தயவுசெய்து 'சரி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல சாலையைக் கண்டால் அவருக்கு மகள் ஞாபகம் வந்துவிடுகிறது. பேய் பிடித்தவர்போல் ஓட்டுகிறார். முதல்தரம் பயத்தில் நான் காலை அழுத்தி ஊன்றினேன். உடனே வண்டி மெதுவானது. என் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், என் பக்கத்துக் கால்மிதிக்குக் கீழே அந்த மீட்டர் ஒயரின் இணைப்பு இருக்கிறது, மிதித்தால் முள் இறங்குகிறது, முள் இறங்கினால் அவர் மெதுவாகப் போகிறார். அவ்வளவுதான் கோளாறு. எடைக்கல் விஷயத்தில் மட்டும் என் கோபம் நிஜம். அதையும் நான் மிதிப்பதையும் போனில் சொல்லி அழப்போனால் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உனக்கும் தெரிஞ்சுபோச்சாம்மா, அவர்கிட்ட சொல்லிடாத, அங்க வர்றப்ப வழியெல்லாம் நான்தான் மிதிச்சேன்" என்கிறாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகப் போவது நீங்கள். நாங்கள் மெதுவாக, பத்திரமாக வந்து சேர்ந்துவிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றைக்கு வழியில் முள் இறங்கினால் பம்பைப் பார்க்கப் போகாதீர்கள், என் மகள் முகத்தைப் பாருங்கள்.