ஆறாவது உடுப்பு

வடதுருவத்தைத் தேடிப் போன வீரர்கள் எல்லாரும் உடுத்திய உடுப்புகளைத் தராசின் ஒரு தட்டிலும், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா மாடிக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டுக்காரரான வெங்காயத்தார் ஒரு நாள் மாலை ஓடப் போகும்போது உடுத்தியவற்றை மறு தட்டிலும் இட்டுப் பார்த்தால், வெங்காயத்தாரின் தட்டே தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வீரர்களாவது துருவத்துக்குப் போனார்கள். இவர் போனது தொடருந்து நிலையம் வரைக்கும்.

அவருடைய இயற்பெயர் தபால்பெட்டியின்மேல் எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் ஒருவரே. உரிக்க உரிக்க உள்ளே இன்னொன்று இருந்தபடியால் நம்மவர்கள் வெங்காயத்தார் என்றார்கள். அவரும் கோபிக்கவில்லை. "வெங்காயம் குளிர் தாங்கும், ஐயா" என்று என்னிடம் ஒருமுறை பெருமையோடு சொன்னார்.

ஆன்மாவை மறைத்து நிற்கும் மலங்களை மூன்றென்றும், விரித்தால் ஐந்தென்றும் நம் பெரியோர் வகுத்தார்கள். வெங்காயத்தார் விரித்தே வகுத்தார். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளிச் சட்டை முதலாவது. வியர்வையை வெளியேற்றும் நீண்ட கைச்சட்டை அதன்மேல். பிறகு ஆட்டுக்குட்டியின் முதுகுபோல் மெத்தென்ற ஒன்று. அதற்குமேல் காற்றுக்கு ஒரு ஜாக்கெட், மழைக்கு ஒரு ஜாக்கெட். ஆக ஐந்து. இருட்டு நேரத்தில் வாகன ஓட்டிகளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நெஞ்சின் குறுக்கே மூன்று மின்னுப்பட்டைகளும் ஒட்டியிருப்பார். தூரத்தில் கார் வெளிச்சம் படும்போது, திருநீற்றை முக்குறியாகப் பூசிய ஒரு பெரிய மெத்தை ஓடிவருவதுபோல் இருக்கும்.

ஒஸ்லோவின் இலையுதிர்காலத்தையும் குறைத்துச் சொல்லக்கூடாது. வெயில் காட்டி வெளியே அழைக்கும். பேருந்துத் தரிப்பிடத்தை அடைவதற்குள் மழை பிடிக்கும். ஏறி அமர்ந்ததும் மறுபடி வெயில். இறங்கும்போது மழையும் பனியும் பாதிப்பாதியாகக் கலந்த ஒன்று முகத்தில் அறையும். இதற்கெல்லாம் ஒரே நேரத்தில் ஆயத்தமாக இருப்பதே வெங்காயத்தாரின் வாழ்க்கை இலட்சியம். காலையில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. பிற்பகல் வந்ததும் பல்கனியில் நின்று ஆகாயத்தை ஆராய்வார். நான் பூசைக்குப் பூ எடுத்து வைக்கும் வேளையில் மேலிருந்து குரல் வரும்.

"ஐயா! நாலு டிகிரி! காத்து வடக்காலை!"

  ஐந்தையும் அணிந்து கீழே வருவார். வாசலில் நின்று மூக்கை உயர்த்துவார். "சூடாய்க் கிடக்கு" என்று மேலே போய் ஒன்றைக் கழற்றிவிட்டு வருவார். ஒரு முகில் மறைக்கும். மறுபடி மேலே. எங்கள் கட்டடத்தில் எழுபது வயதைத் தாண்டிய நோர்வேக்காரர் ஒருவர் இருந்தார். அரைக்காற்சட்டையும் கையில்லாப் பெனியனுமாக வெளியே ஓடுவார். அவர் ஓடி முடித்து, குளித்து, கோப்பிக் குவளையோடு பல்கனிக்கு வந்து அமர்ந்த பின்பும் வெங்காயத்தார் வாசலில் நின்று முகிலோடு வழக்காடிக்கொண்டிருந்த மாலைகள் பல.

ஒரு புரட்டாதியில் என் வைத்தியர் சர்க்கரை நோய்க்காகத் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். செய்தி எப்படியோ மேல்வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை நான் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், வெங்காயத்தாரின் மேற்பார்வையில், கண்ணாடி முன் நின்றேன்.

"உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறியள், ஐயா?"

"பெனியன்."

"பருத்தியோ?" அவர் முகத்தைப் பார்த்தால், நான் நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்ததாக நினைக்கத் தோன்றும். "பருத்தி வேர்வையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு உங்களை விறைக்கப் பண்ணும். நம்பாதேங்கோ. கம்பளி நனைஞ்சாலும் சூடு தரும்."

பிறந்த நாள்முதல் என்னைத் தாங்கிய பருத்தியைப் பற்றி இவ்வாறு ஒருவர் பேச நான் கேட்டதில்லை. நான் வாய்திறக்கும் முன்னே ஒரு ஜாக்கெட்டின் துணியை என் உதட்டருகே பிடித்தார்.

"ஊதுங்கோ, ஐயா!"

"என்ன?"

"பலமாய் ஊதுங்கோ. மற்றப் பக்கம் என்ரை கையிலை காத்துப் படுதோ எண்டு பாப்பம்."

பதிகம் ஓதுவதற்கென்று நான் காத்துவந்த மூச்சை அன்று ஏழு ஜாக்கெட்டுகளுக்குச் செலவிட்டேன். எட்டாவதை எடுக்கும்போது கடையில் வேலைசெய்த பெண் ஓடிவந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளை.

"அங்கிள், வாங்காமல் ஊதக்கூடாது. இது வின்யக்கே, காத்துக்கு மட்டும்தான். மழைக்கு ரெய்ன்யக்கே வேறை இருக்கு."

"தெரியும், பிள்ளை. உங்கடை மனேஜருக்குச் சொல்லு, உந்த மூண்டாவது ஜக்கெற் காத்தை விடுகுது."

நான் ஒரு சோடி காலுறையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறினேன். கம்பளிதான். மரியாதைக்காக.

இவ்வளவில் இவர் ஒரு வேடிக்கை மனிதர் என்று நான் முடிவுகட்டியிருப்பேன். ஆனால் அந்த ஐப்பசியில் ஒரு நாள், வழக்கத்துக்கு மாறாக இரண்டே இரண்டு உடுப்புகளோடு எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம் இருந்தது.

அவருடைய மனைவி கொழும்பில் இருந்தார். கலியாணம் முடிந்து நான்கு ஆண்டுகள். சேர்ந்து வாழ்ந்தது இருபத்துமூன்று நாட்கள். அவரை இங்கே அழைப்பதற்குப் போட்ட முதலாவது விண்ணப்பம் ஏதோ ஒரு பத்திரம் குறைவென்று திரும்பி வந்திருந்தது. இரண்டாவதைப் பற்றி, 'இன்னும் பரிசீலனையில் உள்ளது' என்று அந்தக் கடிதம் சொன்னது.

"கந்தசட்டிக்கு நேர்த்தி வைச்சிட்டன், ஐயா" என்றார். "ஆறு நாளும் விரதம். ஆறு நாளும் இஞ்சையிருந்து கோயிலுக்கு ஓடியே வருவன். ஒவ்வொரு நாளும் கற்பூர தீபம் பாக்கவேணும். ஒரு நாள் தவறினாலும் நேர்த்தி பிழைச்சுப்போம்."

"பட்டினியோடை ஓடுறதோ? பேருந்திலை வாருமன், தம்பி. முருகன் கோவிக்கமாட்டார்."

"பேருந்திலை எல்லாரும்தானே வருகினம்?"



கோயில், பழைய பண்டகசாலை ஒன்றின் மேல்மாடியில் ஐந்து கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. மாலைப் பூசை ஐந்து மணிக்கு. ஓட்டம் அவருக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. இடைஞ்சல் வேறிடத்தில் இருந்தது. நம் கோயில்களில் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே போகவேண்டும். எல்லாரும் ஒரு சட்டையைக் கழற்றினால் போதும். வெங்காயத்தார் தம்மை முழுவதுமாக உரிக்கவேண்டியிருந்தது.

முதல் நாள் அவர் வாசல் மண்டபத்தை அடைந்தபோது திரை மூடி, சுவாமிக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே குருக்கள் ஒவ்வொன்றாகச் சாத்த, வெளியே இவர் ஒவ்வொன்றாகக் களைந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தன. திரை விலகியதும் வெற்றுடம்போடு உள்ளே வந்தவரின் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் ஆவி புகையாக எழுந்தது. குருக்கள் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "ஐயா, இண்டைக்குத் தூபம் தனியக் காட்டத் தேவையில்லை."

இரண்டாம் நாள் மழை. ஈரத்தில் பல் இறுகித் திறக்க மறுத்த ஜாக்கெட்டின் ஸிப் ஒன்று அவரைத் தடுத்தது. மூன்றாம் நாள், "ரண்டு உடுப்பைக் குறையும், தம்பி" என்று நான் வற்புறுத்தினேன். குறைத்தார், வழியில் பனிமழை அடித்தது, தீபத்தின் முன் அவர் கைகூப்பி நின்றபோது கூப்பிய கைகள் நடுக்கத்தில் தாளம் போட்டன. நாலாம் நாள் மறுபடி ஐந்து. ஐந்தாம் நாள் கடைசிச் சட்டையைத் தலைக்குமேல் இழுத்தபடி ஓடிவந்து, கற்பூரம் அணைகிற வேளையில் கண்டார். ஐந்து நாட்களும் எப்படியோ ஒப்பேறின. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஆனால் கண்ணில் ஒரு கணக்கு இருந்தது: இன்னும் ஒன்று.

ஆறாம் நாள் சூரசங்காரம். கோயில் நிறைந்த கூட்டம். வெளியே காலையில் வெயில், மத்தியானம் மழை, நான்கு மணிக்குத் தெருவெல்லாம் கண்ணாடிபோல் உறைந்துவிட்டது. திரை விலகிற்று. தீபங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. வெங்காயத்தாரைக் காணவில்லை.

தீபங்கள் முடிந்ததும் பதிகம் ஓதுவது என் பணி. ஐந்து பாடல்கள். அதன் பிறகு கற்பூர தீபம். ஐந்துக்கு மேல் ஓதுவதை நான் அனுமதித்ததில்லை. முந்திய ஆண்டு ஆறாவது பாடலைத் தொடங்கிய ஓர் அன்பரை நடுப் பாட்டில் நிறுத்தி, முறைமையைப் பற்றிச் சபையிலேயே எடுத்துச் சொன்னவன் நான்.

மூன்றாவது பாடலில் வாசல் மண்டபத்துக் கதவு திறந்தது. வெங்காயத்தார், உடம்பின் ஒரு பக்கம் முழுவதும் பனிச்சேறு. வழியில் விழுந்திருக்கிறார். ஜாக்கெட்டுகள் பறந்தன. நான்காவது பாடலில் மெத்தென்றது போயிற்று. ஐந்தாவதில் நீண்ட கைச்சட்டையும் கம்பளியும் போயின. நான் நிம்மதியாக முடிக்கப்போகும்போது, அதன் உள்ளே இன்னொன்று தெரிந்தது.

மஞ்சள் நிறத்தில் கையால் பின்னிய ஒரு கம்பளிச் சட்டை. கொழும்பிலிருந்து வந்தவர் ஒருவரிடம் மனைவி கொடுத்தனுப்பி, அன்று பிற்பகல்தான் கைக்குக் கிடைத்தது என்று பிற்பாடு அறிந்தேன். கம்பளியைக் கண்டறியாத ஊரில், கலியாணப் படத்தைப் பார்த்து அளவெடுத்துப் பின்னியிருந்தார். படத்தில் இருந்த மாப்பிள்ளையோ இவரில் பாதி. கழுத்து வளையம் ஒரு தேங்காய்க்குப் போதும். எப்படியோ தலையை நுழைத்துவிட்டார். வெளியே எடுக்க முடியவில்லை. சட்டை தலையை மூடிச் சிக்கிக்கொள்ள, இரண்டு கைகளும் மேலே நிமிர்ந்து நிற்க, முகமில்லாத உருவமாக அவர் வாசலில் அங்குமிங்கும் சுழன்றார்.

"அருள் வந்திட்டுது!" என்று ஓர் அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாருங்கோ, கை ரண்டும் தலைக்குமேலை!"

இரண்டு அன்பர்கள் ஆளுக்கொரு கையைப் பற்றி இழுத்தார்கள். உள்ளிருந்து அடைத்த குரல் வந்தது. "கிழிச்சுப் போடாதேங்கோ! மெதுவாய்! அவள் பின்னினது!"

ஐந்தாவது பாடல் முடிந்தது. குருக்கள் கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். நான் ஆறாவதைத் தொடங்கினேன்.

குருக்கள் என்னை நோக்கினார். நான் சுவாமியை நோக்கினேன். ஏழாவது. எட்டாவது. குருக்கள் மணியை ஒரு தரம் அசைத்தார். முறைமையைப் பற்றி நான் திருத்திய அதே அன்பர், தூணருகே நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பத்து. பதினொன்று. பதிகம் தீர்ந்தது. சட்டை காதுவரை வந்து அங்கேயே நின்றது. பதினோராவதை மறுபடியும் தொடக்கத்திலிருந்து எடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எந்தப் பண்ணையும் நான் இழுத்ததில்லை.

பொத்தென்று ஓர் ஒலி கேட்டது. காதுகள் சிவக்க, மயிர் குத்திட்டு நிற்க, முழுமையாய் உரிந்து வெங்காயத்தார் உள்ளே வந்தார். நான் நிறுத்தினேன். கற்பூரம் எரிந்தது. அவர் கைகூப்ப மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

பூசை முடிந்ததும் குருக்கள் கேட்டார். "என்ன ஐயா, இண்டைக்கு முறை மாறிப்போச்சு?"

"வயசு போட்டுது" என்றேன். "எத்தினை படிச்சனான் எண்டு மறந்துபோனன்."

ஒரு சொல்லும் பிசகாமல் ஓதுபவன் என்று ஒஸ்லோவில் எனக்கிருந்த பெயர் அன்றோடு போயிற்று. தூணருகே நின்றவர் ஒஸ்லோவுக்கு அப்பால் திராமன் நகரம்வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், வெளியே முழங்காலளவு வெண்பனி கிடந்தது. கதவு தட்டும் ஓசை கேட்டுத் திறந்தேன். வெங்காயத்தார் நின்றார். இடுப்பில் ஒரு சாரமும் மேலே பெனியனும் மட்டுமே அணிந்திருந்தார். கால்களில் செருப்புக்கூட இல்லை. தபால்பெட்டி வெளிவாசலுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து பனிக்குள்ளால் நேரே வந்திருக்கிறார்.

"விசா குடுத்திட்டாங்கள், ஐயா! சித்திரையிலை வாறாளாம்! இந்தாங்கோ, நீங்களே வாசியுங்கோ!"

நான் கடிதத்தை வாங்காமல் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"முதலிலை உள்ளுக்கு வா, ராசா. விறைச்சுச் சாகப்போறாய்."

என் தோளிலிருந்த சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெங்காயத்தார் கையை வீசி வீசி, விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். சால்வை சரிந்துகொண்டே இருந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை நான் அதன் ஒரு முனையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தேன்.