உஷாந்தியின் அமெரிக்கப் படிப்பும் நான் காப்பாற்றிய குடும்ப மானமும்

வெள்ளவத்தை,
கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி.

டோஹாவில் உத்தியோகம் பார்த்துவரும் என் பெருமதிப்புக்குரிய அத்தான் சிவபாதசுந்தரம் அவர்களுக்கு, மைத்துனன் குலவீரசிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான் நலம். அக்காவும் உங்கள் மகள் உஷாந்தியும் நலமா என்பதை அவர்கள் என்னோடு கதைக்கத் தொடங்கிய பிறகுதான் கேட்டு எழுத வேண்டும். இது வட்சப்பில் சொல்லக்கூடிய விசயந்தான். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே அக்கா குசினிக்குள் சட்டிகளை அடிக்கிறா. ஆனபடியால் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் எதிர்வீட்டு ஜனாவிடம், மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து இதைக் கொடுத்துவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்கும் முன் நடந்ததை நடந்தபடி என் வாயால் அறிவது உங்களுக்கு நல்லது.

உஷாந்தி பம்பலப்பிட்டிக் கல்லூரியில் முடித்த இரண்டு வருஷமும் அரைவாசிப் படிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். மிச்ச இரண்டு வருஷத்தையும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போய் முடித்தால்தான் பட்டம்; போகாவிட்டால் சுவர் எழுப்பிக் கூரை போடாத வீடு மாதிரி மழையில் கிடக்க வேண்டியதுதான். பிள்ளை கெட்டிக்காரி. இங்கே படித்த பாடங்களில் ஒன்றைக்கூடத் தள்ளாமல் அத்தனையையும் ஏற்றுக்கொண்டு, நேரே மூன்றாம் வருஷத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மூளை எங்கள் பக்கத்தது. நான் ஓ.எல். பரீட்சையை மூன்று தரம் எழுதியவன். அந்த மண்டபத்தைப் பற்றி என்னளவு அனுபவம் மேற்பார்வையாளருக்கே கிடையாது. இனி வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கட்டணத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடும் உதவிப்பணம். அது இல்லாவிட்டால் இடம் கிடைத்தும் போக வழியில்லை. அதைத் தீர்மானிக்க அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா சூமில் வந்து, பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடும் கதைப்பா என்று அறிவித்திருந்தார்கள். அக்காவுக்கு இங்கிலிஷ் என்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிடும். வேறு யார் இருக்கிறார்கள், நானே இருந்தேன்.

அத்தான், இந்த வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் எத்தனை சம்பந்தங்களை நான் பேசி ஒப்பேற்றியவன்! பார்க்க வருகிற பகுதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இது யாருடைய வீடு என்று தெரிய வேண்டும். உஷாந்தியோ பூச்சு உதிர்ந்து ஈரம் ஊறிய சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு வைத்திருந்தாள். உடனே கீழ்வீட்டு ஸவாஹிர் நானாவிடம் ஓடி அவருடைய சோபா செட்டியையும் கண்ணாடி அலுமாரியையும் இரவல் கேட்டேன்.

“என்ன குலம், வீட்ல கலியாணப் பேச்சா?”

“அமெரிக்காவிலயிருந்து பெரிய இடம் ஒண்டு வருது நானா.”

“அல்லாஹ், அப்ப கார்பட்டயும் கொண்டுபோங்களே!”

தங்கமான மனிதர். அலுமாரியை மூன்று மாடி ஏற்றியதில் எனக்கு இடுப்புப் பிடித்தது வேறு கதை. உஷாந்தி அதைக் கண்டதும், “மாமா, கும்பிட்டுக் கேக்கிறன், எல்லாத்தையும் கொண்டேக் குடுங்கோ” என்றாள். “பிள்ளை, இது உனக்கு விளங்காது” என்று சொல்லி முடிக்கவும் அந்த அம்மா திரையில் தோன்றவும் சரியாக இருந்தது.

நல்ல லட்சணமான மனுசி. பிள்ளையிடம் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, வீடு சொந்தமா என்று கேட்டா. அமெரிக்காக்காரிக்கு முன்னால் வாடகை என்று சொல்ல மானமுள்ள எவனுக்கு நா எழும்பும்? சொந்தம் என்றேன். வேறு சொத்துண்டா என்றா. ஹெந்தளையில் நீங்கள் வாங்கி விட்ட சதுப்புக் காணி இருக்கிறதே, தவளை கத்துகிற காணி, அதில் அந்த இடத்திலேயே நாலு மாடி கட்டி மூன்று மாடியை வாடகைக்கும் விட்டேன். பிள்ளையின் தகப்பன் என்ன தொழில் என்றா. ஸ்டோர் கீப்பர் என்றால் அவவுக்கு உங்கள் அருமை விளங்காது என்று கம்பனியையே உங்கள் பெயருக்கு மாற்றினேன். அப்போது மேசைக்குக் கீழே உஷாந்தி என் காலை மிதித்தாள். சம்பந்தம் பேசும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர் காலை மிதித்தால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்வதாகத்தான் கருத்து. ஆகவே வாகனங்கள் வரிசையில் நிற்கிற ஒரு பெற்றோல் செட்டும் போட்டேன். பிள்ளை இடையில் புகுந்து, மாமா பகிடி விடுகிறார் என்று இங்கிலிஷில் சொன்னாள். நான் சிரித்து, எங்கள் குடும்பத்துப் பெண்கள் அடக்கமானவர்கள், இருப்பதை வெளியே சொல்லமாட்டார்கள் என்று அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். “வெரி இம்ப்ரெஸிவ்” என்றா. இந்தப் பேச்சை இதைவிடத் திறமாக ஒருவர் பேசி முடித்திருக்க முடியாது.

அடுத்த கிழமை மெயில் வந்தது. இடம் உறுதி. குடும்பத்தின் வசதியைப் பார்க்கையில் உதவி தேவைப்படாது என்றும், அதை வசதி குறைந்த வேறொரு பிள்ளைக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தார்கள். வெளியே கடல்பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டிருந்தது. உஷாந்தி அழவில்லை அத்தான். கொடியில் நனைந்துகொண்டிருந்த உடுப்புகளைப் போய் எடுத்தாள். எடுத்தவள் உள்ளே கொண்டுவராமல் திரும்ப அதே கொடியிலேயே போட்டுவிட்டு நின்றாள். அக்காதான் வெடித்தா.

“உன்னை ஆரடா வாய் திறக்கச் சொன்னது? அவர் அங்க வெய்யிலுக்க நிண்டு காயிறார். நீ இஞ்ச அவருக்கு பெற்றோல் செட்!”

“அக்கா, குறைச்சுச் சொன்னா மதிப்பாங்களே?”

“மாமா,” என்றாள் உஷாந்தி, திரும்பிப் பார்க்காமல். “அது கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுக்கிற காசு.”

“அதுக்காக நாங்கள் கஷ்டப்பட்ட ஆக்கள் எண்டு சொல்லுறதோ பிள்ளை?”

“நாங்கள் கஷ்டப்பட்ட ஆக்கள்தான் மாமா.”

அதை அவள் சண்டை பிடிக்கிற குரலில் சொல்லியிருந்தால் நான் பத்துப் பதில் சொல்லியிருப்பேன். சாப்பாடு ஆறிப்போச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அலுமாரியைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் கீழே போய்விட்டேன். ஸவாஹிர் நானா பேச்சு சரிவந்ததா என்று கேட்டார். மாப்பிள்ளை பகுதிக்கு எங்கள் வசதி கூடிப்போய்விட்டது என்றேன். அது உண்மைதானே.

பிறகு பிள்ளை தன்பாட்டில் ஓடித் திரிந்தாள். வீட்டு வாடகைக் கடிதத்தோடு கிராம சேவகரிடம் போனாள். அந்த மனுசன் சிங்களத்தில் “ஹெட்ட என்ன நங்கி” என்று நாளைக்கு வா, நாளைக்கு வா என அலைக்கழித்தும் விடாமல் நின்று எங்கள் நிலைமைக்கு அத்தாட்சி வாங்கினாள். பூச்சு உதிர்ந்த சுவரையும் படம் எடுத்தாள். எல்லாவற்றையும் அனுப்பி, தன் விண்ணப்பத்தை மறுபடி பார்க்கும்படி மன்றாடி எழுதினாள். அவர்களும் மனமிரங்கி இன்னொரு தரம் சூமில் வரச் சம்மதித்தார்கள். அன்றைக்கு என்னை வீட்டில் நிற்க விடவில்லை. மருதானையில் எனக்கு முக்கிய அலுவல் இருப்பதாக அக்காவே தீர்மானித்து பஸ் ஏற்றிவிட்டா. அலுவல் ஒன்றும் இல்லாமல் ஸ்டேசனில் குந்தியிருந்து ரயில்களைப் பார்த்துவிட்டு வந்தேன். உஷாந்தி உள்ளதை உள்ளபடி சொன்னாளாம். அந்த அம்மா கடைசிவரை கேட்டாவாம். பெரும்பாலும் கிடைக்கும் என்று சொன்னாவாம். இரண்டு கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டாள். என் சாப்பாட்டுக் கோப்பையிலும் அக்கா ஒரு மீன்துண்டு கூடப் போட்டா. ஆகவே நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். காரியம் கைகூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் என் பங்கை நான் சொல்லிக்காட்ட விரும்பவில்லை.

அங்கே வெய்யில் கடுமை என்று கேள்வி. தலையில் துணி போடாமல் வெளியே இறங்க வேண்டாம். நீங்கள் நீண்ட ஆயுளோடும் சுகத்தோடும் இருந்து மகளின் பட்டத்தைக் கண்ணால் காண எல்லாம் வல்லவன் அருள் புரிவானாக.

இங்ஙனம்,
என்றும் உங்கள் நலம் விரும்பும் மைத்துனன்,
குலவீரசிங்கம்

பி.கு.: ஒரு சின்ன விசயம். உஷாந்தி உள்ளதை மட்டும் சொன்னது போதாது என்று பட்டதால், மருதானையிலிருந்து வந்த கையோடு ஒரு கொமியூனிகேசன் கடைப் பெடியனைக் கொண்டு அந்த அம்மாவுக்கு நானும் இங்கிலிஷில் ஒரு மெயில் போட்டேன். முதல் சொன்ன சொத்தெல்லாம் தகப்பன் இருந்த காலத்துச் சொத்து, அவர் காலமானதோடு எல்லாம் போய்விட்டது என்று எழுதினேன். இன்று காலை அனுதாபம் தெரிவித்து உருக்கமாகப் பதில் எழுதி, மரணச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை உங்கள் கம்பனியின் சம்பளக் கடிதத்தையும் முன்னரே அனுப்பியிருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அவளுக்கு இது இன்னும் தெரியாது. ஆகவே அத்தான், அந்தக் கடிதத்தில் என்ன திகதி போட்டிருக்கிறது என்பதை உடனே அறியத் தரவும். நீங்கள் காலமான நாளாக, அதற்குப் பிந்திய, உங்களுக்கு வசதியான ஒன்றை நீங்களே சொன்னால் நல்லது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வீட்டுக்கு ஆகாது.