போலோன்யா போய்வந்த பை

மினிபஸ் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்ற மனைவியிடம், தெரு முழுக்கக் கேட்கும்படி நிக்கோடிம் சபதம் செய்தான்.

"ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்ல ஒரு தூசு இடம் மாறாது. உங்கம்மா வந்து பாத்துக்க வேண்டிய அவசியமே இல்ல!"

தெருவே சிரித்தது. வெட்டூரியா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குக் கொஞ்சம் உதைத்தது.

அவள் இத்தாலிக்குப் போகிறாள். போலோன்யாவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஈஸ்டருக்குக் கிழவியின் மகள் வந்துவிடுவாள், அதுவரைதான். அந்த ருமேனியக் கிராமத்தில் பாதிப் பெண்கள் இப்படிப் போயிருந்தார்கள். மீதிப் பாதி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வாசலில் நின்று கையசைக்கப் பழகியிருந்தார்கள்.

"சரிய்யா, சபதம் பண்ணிட்டே," என்றாள் வெட்டூரியா. "நாய் வீட்டுக்குள்ள வரக்கூடாது. பூனை கட்டில்ல ஏறக்கூடாது. முட்டைக்கோஸ் பீப்பாய மறக்கக்கூடாது. நான் எவ்வளவு பொறுப்பேன்னு எனக்கே தெரியாது. பொறுமை போச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவேன். அம்மா தலகாணியோட வந்துடுவாங்க."

மாமியார் சாஃப்தாவின் வீடு தெருக்கோடியில். போன வருஷம் ஒரு வாரம் வந்து தங்கினாள். அந்த வாரம் நிக்கோடிம் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லிண்டன் பூத் தேநீர்தான் மூன்று வேளையும். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவாள். நாய் ஊர்சுவே அவளைக் கண்டால் எழுந்து நிற்கும். ஈஸ்டர் வரை அவளோடு ஒரே கூரையின் கீழ் என்றால், அதற்குப் பேசாமல் தானே இத்தாலிக்குப் போய்ப் படுத்த படுக்கையாகிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பஸ் கிளம்பியது. வீட்டில் மிஞ்சியவர்கள் நிக்கோடிம், காது கொஞ்சம் மந்தமான அவன் அப்பா தொவாதெர், கரடி அளவு வெள்ளை நாய் ஊர்சு, மீட்சா என்கிற சாம்பல் பூனை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பை. சந்தையில் விற்கும் கட்டம் போட்ட பெரிய பை. வெள்ளிக்கிழமை டிரைவர் மிர்ச்சா இத்தாலியிலிருந்து அதைக் கொண்டுவருவான்: காப்பித்தூள், ஆலிவ் எண்ணெய், சோப்புத்தூள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்துப் போவான்: புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பிளம் ஜாம், ஆட்டுப்பால் சீஸ். ஜாடிகளின் மேல் ஒரு சமையலறைத் துண்டைப் போட்டு மூடி அனுப்புவது வழக்கம். புதன்கிழமை வெட்டூரியாவிடமிருந்து போன் வரும்.

முதல் வாரமே பனி கொட்டியது. கதவுக்கு வெளியே ஊர்சு முனகியது.

"டேய், அதுவும் நம்ம வீட்டு ஆளுதானே," என்றார் அப்பா.

"வெட்டூரியா சொல்லியிருக்காப்பா."

"அவ இத்தாலில இருக்கா. அங்கேருந்து நாய் தெரியுமா?"

நியாயமாகப் பட்டது. ஊர்சு உள்ளே வந்து அடுப்பருகே படுத்தது. சமையலறையில் பாதி காணாமல் போனது.

புதன்கிழமை போன் வந்தது. உடம்பு, குளிர், கிழவி எல்லாம் விசாரித்தாயிற்று. அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏய்யா, ஊர்சு அடுப்புக்கு எந்தப் பக்கம் படுக்கறான்? எடது பக்கமா?"

"யா... யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா தலகாணிய வெயில்ல போட்டிருக்காங்களாம். சும்மா சொன்னேன்."

எட்டிப் பார்த்தான். தெருக்கோடி வேலியில் உண்மையாகவே ஒரு தலையணை காய்ந்துகொண்டிருந்தது. எமனின் கொடி மாதிரி.

துப்பு வேலை தொடங்கியது. மாமியார் தினமும் சர்ச்சுக்குப் போகும் வழி இது. வேலி இடுக்கில் பார்த்திருப்பாள். மறுநாளே பலகை வாங்கி வேலியை அடைத்தான். ஒரு கொசு எட்டிப் பார்க்க முடியாது.

அடுத்த புதன்: "என் கல்யாணத்துச் செவப்புக் கம்பளில பூனை படுத்தா முடி போகாதுய்யா. நீயா தேய்ப்பே?"

கம்பளி படுக்கையறையில் இருக்கிறது. வேலியிலிருந்து தெரியாது. அப்படியானால் உள்ளாள். அப்பாவை முறைத்தான்.

"அப்பா, நீ அவளோட பேசறியா?"

"என்னது, ஊசறதா? ஆமாடா, நேத்து வெச்ச சூப்பு ஊசித்தான் போச்சு."

இவர் உளவாளி என்றால் உலகத்தில் போரே நடக்காது என்று விட்டுவிட்டான். ஆனாலும் சாவித் துவாரத்தில் பஞ்சடைத்தான். படுக்கையறை ஜன்னலுக்குக் கித்தான் கட்டினான். வீடு பட்டப்பகலில் குகை மாதிரி ஆயிற்று. அப்பா இரண்டு முறை பூனை வாலை மிதித்தார்.

மூன்றாவது புதன்: "முட்டைக்கோஸ் கொழகொழன்னு இருக்கு. பீப்பாய ஊதவே இல்லையா நீ?"

பீப்பாயின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத வேண்டும். அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தால்தான் முட்டைக்கோஸ் மொறுமொறுப்பாக இருக்கும். நிக்கோடிம் ஒரு தடவைகூட ஊதவில்லை.

"அப்பா! பீப்பாய் இருக்கறது பின்கட்டு ரூம்ல! அதுகூட அவளுக்குத் தெரிஞ்சிருக்கு! சூனியம் ஏதாவது கத்துக்கிட்டாளா?"

"கழுதை. அனுப்பின முட்டைக்கோஸத் தின்னா தெரியாதாடா?" என்றார் அப்பா. இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் அவர் காதில் நன்றாக விழும்.

சரி, முட்டைக்கோஸ் போகட்டும். நாயும் பூனையும்? மிச்சம் இருப்பது டிரைவர்தான். ஞாயிற்றுக்கிழமை மிர்ச்சாவின் கையில் ஒரு பாட்டில் பிளம் சாராயத்தைத் திணித்தான்.

"தம்பி, உண்மையச் சொல்லு. என் வீட்டு விஷயத்த வெட்டூரியாகிட்ட நீதானே சொல்றே?"

"அண்ணே, நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறவன். உங்க வீட்டுச் சமையலறை எந்தத் திசைன்னுகூடத் தெரியாது." பாட்டிலைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு சொன்னான்: "ஆனா அண்ணே, அந்தப் பையக் கொஞ்சம் உதறிக் குடுங்க. பக்கத்து சீட்டுக்காரம்மா எல்லை தாண்டற வரைக்கும் தும்மிக்கிட்டே வராங்க."

நிக்கோடிம் பையை எடுக்க உள்ளே ஓடினான். சமையலறைத் தரையில், அடுப்புக்கு இடதுபுறம், வழக்கமான இடத்தில், பை வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே ஜாடிகளுக்கு நடுவில் மீட்சா சுருண்டு தூங்கியது. அதன் முதுகெல்லாம் சிவப்புக் கம்பளி நூல். பையின் மேல் மோவாயை வைத்து ஊர்சு குறட்டை விட்டது. ஒரு பக்கம் கரி. மறுபக்கம் வெள்ளை முடி, இன்னொரு நாய் பின்னலாம் போல.

"அடப்பாவி!" என்றான், பையைப் பார்த்து. வாராவாரம் உளவாளிக்கு ஜாமும் சீஸும் கொடுத்து இவனே பஸ் ஏற்றி விட்டிருக்கிறான்.

அந்த வாரம் பை போகவில்லை. ஜாடிகள் ஓர் அட்டைப்பெட்டியில் போயின. நிக்கோடிம் சட்டைக் கையை மடித்தான்.

பையை வெந்நீரில் ஊறவைத்து, இத்தாலிச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தான். மேல் துண்டை வெளுத்தான். இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து, கத்தி மாதிரி மடிப்பு வைத்தான். வந்த வேகத்தில் கம்பளியைத் தட்டினான், தரையைத் தேய்த்தான். ஊர்சுவுக்கு வாசலில் வைக்கோல் வைத்துக் கூண்டு கட்டினான். முகம் சிவக்கப் பீப்பாயை ஊதினான்.

"டேய், உனக்கு இதெல்லாம் தெரியுமா?" அப்பா வாயைப் பிளந்தார்.

"பட்டாளத்துல என் சட்டையப் பாத்துத்தான் மத்தவனுக்கெல்லாம் இஸ்திரி கத்துக் குடுப்பாங்க."

"அப்ப இத்தன வருஷமா?"

"கேட்டாத்தானே!"

அடுத்த ஞாயிறு வெளுத்த பை பஸ் ஏறியது. அந்தப் புதன் போனில் நிக்கோடிமே முந்திக்கொண்டான்.

"என்ன, பை வந்துச்சா?" அவன் குரலே மீசை முறுக்கியது.

"வந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "ரொம்ப சுத்தமா இருக்கு."

அவ்வளவுதான். அதற்கப்புறம் நாய் பற்றியும் கேட்கவில்லை, பூனை பற்றியும் கேட்கவில்லை. வாராவாரம் பை வெளுத்துப் போனது. நிக்கோடிம் நெஞ்சு நிமிர்த்தி நடந்தான். தெருக்கோடித் தலையணையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம்கூடச் சொன்னான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வெட்டூரியா வந்து இறங்கினாள். ஊர்சு அவளைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கியது. அவள் எழுந்திருக்க அவசரப்படவில்லை. பிறகு வீட்டைச் சுற்றிவந்தாள். தரை பளபளத்தது. முட்டைக்கோஸ் மொறுமொறுத்தது. மகளைப் பார்க்க வந்த சாஃப்தா வாசலில் கை கட்டி நின்றாள்.

"ஜெயிச்சேனா இல்லையா?" என்றான் நிக்கோடிம்.

"ஜெயிச்சுட்டய்யா. அம்மா இங்க வந்து தங்க மாட்டாங்க."

"யாரு, நானா?" சாஃப்தா பொரிந்தாள். "அப்பன் குறட்டை ஒரு பக்கம், மகன் குறட்டை ஒரு பக்கம். போன வருஷம் ஒரு வாரம் பட்டது போதாதா, மாப்பிள்ளை? காசு குடுத்தாலும் வர மாட்டேன்னு இவ போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே!"

"அப்ப... வெயில்ல தலகாணி?"

"தலகாணிய வெயில்ல போடாம அடுப்புலயா போடுவாங்க?"

நிக்கோடிம் மனைவியைப் பார்த்தான். அவள் பையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல வந்த பையெல்லாம் ராத்திரி பூரா கட்டில் பக்கத்துலயே வெச்சுக்குவேன். நாய் நாத்தம், பூனை முடி, அடுப்புக் கரி, எல்லாம் இருக்கும். கண்ண மூடினா வீட்ல இருக்கற மாதிரி. வெளுத்துக் குடுத்தே பாரு, அன்னிக்கு அதுல நம்ம வீடே இல்லய்யா. அழுதுட்டேன்."

நிக்கோடிம் குனிந்து பையை முகர்ந்து பார்த்தான். "சொல்லியிருந்தா துவைக்காமலே அனுப்பியிருப்பேனே!"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். அப்பதான் அந்தத் துண்டப் பாத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மடிப்பு வெச்சது யாரு? மாமாவா?"

"அவருக்கு எங்க தெரியும்? நான்தான்!"

"மூலையோட மூலை சேத்து?"

"பட்டாளத்துப் பழக்கம்டீ. கண்ணக் கட்டி விட்டாக்கூட..."

"டேய், வாய மூடுடா," என்றார் அப்பா. நேரம் தாண்டிவிட்டது.

"இஸ்திரிப் பெட்டியத் தொட்டாலே தோள்பட்ட எறங்கிப்போகும்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டிருந்தியே," என்றாள் வெட்டூரியா, மிக அன்பாக. "அம்மா, கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன்," என்றாள் சாஃப்தா. மகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

ஈஸ்டருக்கு முன் ஊரில் எல்லா வீட்டிலும் திரைச்சீலைகளைத் துவைத்து இஸ்திரி போடுவார்கள். வெட்டூரியா சொன்ன சொல் தவறாதவள். மாமியார் வரவில்லை. சாயங்காலம் அதே கட்டம் போட்ட பையில் மாமியார் வீட்டுத் திரைச்சீலைகள்தான் வந்தன.