இடது பின்கதவு

"வெயிலுக்குக் கொண்டு வாங்க," என்றேன்.

ஆலோசகர் காரைக் கொட்டகை நிழலிலிருந்து பத்தடி முன்னால் நகர்த்தினார். அவர் கார் சர்வீஸ் சென்டரின் ஆலோசகர் என்பது சட்டையில் குத்தியிருந்த பட்டையில் போட்டிருந்தது. நான் பானெட்டின் மேல் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். என் கருப்புக் காரின் பானெட் முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். ஒரு சிலந்தி வேலைக்குச் சேர்ந்து ஓவர்டைம் பார்த்தது போலிருந்தது.

"என்ன இது?"

அவரும் குனிந்தார். நிமிர்ந்தார். வானத்தைப் பார்த்தார்.

"வெயில் சார்."

"நான் கோட்டைக் கேக்கறேன்."

"வெயில்லதான் சார் கோடு தெரியுது. நிழல்ல நல்லாத்தான் இருந்தது. நீங்கதான் வெளியே கொண்டு வரச் சொன்னீங்க."

என் மனைவி கைப்பையைப் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்றாள். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். நானும் வருகிறேன் என்று காலையில் அவள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. நான் ஒரு சண்டையில் ஜெயிப்பதை என் குடும்பத்தில் யாரும் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அது அரை நிமிடம் இருந்தது. அதன் பிறகு வந்தது நிம்மதி.

நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்து, கோடு இருந்தால் ஒதுக்கி வைப்பதுதான் வேலை. இருபது வருடம் இதைச் செய்தவன் வாங்கும் கார் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை அதை நான்தான் கழுவுவேன். இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். கீழே விழுந்த துணி காரைத் தொடக்கூடாது. இந்தச் சட்டங்களை நான் சாப்பாட்டு மேசையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். காருக்கு இரண்டு வாளி போன பிறகு வீட்டில் குளிப்பதற்கு ஒன்றுதான் மிஞ்சும். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் புகார் சொன்னதில்லை. சொன்னாலும் கார் சுத்தமாக இருந்தது.

கார் வந்த அன்றைக்கே சாவிக்கும் ஒரு சட்டம் போட்டேன். என் மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருநாள் புத்தக வேனை அவள்தான் ஓட்டிக்கொண்டு போவாள். ஆறு வருடமாக ஓட்டுகிறாள். காரையும் ஓட்டட்டுமா என்று கேட்டாள். வேன் வேறு, கார் வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். பதிலுக்கு ஒரு சட்டமே சொன்னேன்.

"இந்தக் கார்ல முதல் கீறல் யார் போடறாங்களோ, அவங்க அதுக்கப்புறம் சாவியைத் தொடக்கூடாது. சாவி மத்தவங்ககிட்ட இருக்கும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

அவள் சரி என்றாள். கீறல் விழுந்தால் சாவி போய்விடுமே என்று அவள் ஓட்டவே பயப்படுவாள் என்பது என் கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் வீட்டு கேட் தூண் என் காரின் இடது பின்கதவை உரசிவிட்டது. ஒரு சாண் நீளம். வீட்டில் யாரும் இல்லை. கருப்பு ஷூ பாலிஷை எடுத்து வந்து மூன்று கோட்டிங் பூசினேன். உலர்ந்ததும் பிரஷ் போட்டேன். அந்தக் கதவு என் ஷூவைவிடப் பளபளப்பாக ஆனது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவை மட்டும் கழுவாமல் விட்டேன்.

சர்வீஸுக்கு விட்ட அன்று எனக்குக் காலை ஷிப்ட். இங்கிருந்து ஒரு டிரைவர் வீட்டுக்கே வந்து காரை எடுத்துப் போனார். என் மனைவிதான் சாவி கொடுத்தாள். இலவசமாகக் கழுவித் தருவார்கள் என்பதும், தண்ணீர் பட்டால் பாலிஷ் போய்விடும் என்பதும் மதியம் பாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நல்ல பாட்டில் பதினெட்டை ஒதுக்கிவிட்டேன்.

இப்போது பானெட்டே நாசமாகிக் கிடக்கிறது. இவ்வளவு கோடு போட்டவர்கள் இன்னொரு கோடு போட்டிருக்க மாட்டார்களா? நிம்மதி வந்தது அதனால்தான்.

கழுவுகிற இடத்தைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் கூட்டிப் போனார். ஒரே வாளி. உள்ளே இருந்ததைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும். கழுவுகிறவர் ஒரு வெள்ளைக் காரின் சக்கரத்தைத் துடைத்தார். துணி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து இரண்டு உதறு உதறினார். அதே துணியால் அதே காரின் கூரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பார்த்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பார்த்தேன்," என்றாள். "மணல் ஒட்டியிருக்கு துணியில."

ஆலோசகர் அது மணல் இல்லை, மென்மையான தூசி என்றார். கருப்புக் கலர் வாங்கியது என் விருப்பம், அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்றார். காருக்குள் வாசனைக்கு ஒரு சின்ன மரக்கட்டை இலவசமாக மாட்டியிருப்பதாகவும் சொன்னார். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வருவதற்குள் ஆலோசகரை இடது பக்கம் நடத்திக்கொண்டு போய்ப் பின்கதவைச் சுட்டிக்காட்டினேன். பாலிஷ் சுத்தமாகப் போயிருந்தது. கீறல் பல்லைக் காட்டியது.

"இதுக்கும் வெயில்தான் காரணமா?"

அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "இது நாங்க இல்லை சார்."

"நீங்களேதான்."

என் மனைவி பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தாள். நூலகத்தில் திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"இந்தக் கதவுமாங்க?"

"கதவும்தான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"இருபது வருஷமா கோடு பார்க்கறவன் நான்."

"அப்ப இந்தக் கார்ல முதல் கீறல் போட்டது இவங்க."

"இவங்கதான். வேற யாரு?"

"சரி," என்றாள். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. வெயில்தான்.

மேனேஜர் வந்தார். டை கட்டியிருந்தார். கையிலிருந்த கோப்பைத் திறந்து, டிரைவர் காரை எடுத்தபோது நிரப்பிய படிவத்தைக் காட்டினார். 'நிலை: நன்று' என்று அச்சகத்திலேயே அடித்து வைத்திருந்தார்கள். இதில் கோடு இருந்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அதனால் யார் போட்டது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று பணிவாகக் கேட்டார்.

"இன்னொரு பேப்பர் இருக்கும் பாருங்க," என்றாள் என் மனைவி. "டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பினேன். பச்சைக் கலர்ல."

மேனேஜர் தாள்களைத் தள்ளினார். பச்சையாக ஒன்று வந்தது. நூலகத்தில் விலை உயர்ந்த புத்தகத்தை வெளியே அனுப்பும்போது எழுதுகிற நிலைச் சீட்டு. திரும்பி வரும்போது எந்தச் சேதம் பழசு, எந்தச் சேதம் புதுசு என்று தெரிவதற்காக. அவள் எதையும் அது இல்லாமல் வெளியே விடமாட்டாள். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்த ஏணிக்குக்கூட எழுதியிருக்கிறாள். அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மேனேஜர் வாய்விட்டே படித்தார்.

"நூலின் பெயர்: கார். ஆசிரியர்..." நிறுத்தினார். "இங்க கணவர்னு போட்டிருக்கு மேடம்."

"எங்ககிட்ட அந்தப் படிவம்தான் இருக்கு. நீங்க கீழே படிங்க."

"பானெட்: கோடு எதுவும் இல்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தது. கூரை: சுத்தம். இடது பின்கதவு: ஒரு சாண் நீளக் கீறல். கருப்பு ஷூ பாலிஷால் மறைக்கப்பட்டுள்ளது. உள்ளே கேட் தூணின் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது." மேனேஜரின் குரல் இறங்கியது. "உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை."

கீழே டிரைவரின் கையெழுத்து இருந்தது. தேதியும் நேரமும்கூட.

ஆலோசகர் மறுபடியும் வானத்தைப் பார்த்தார். இந்த முறை நானும் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்தது என் சண்டை இல்லை. தன் வீட்டுக்காரரின் கீறலையே எழுதிக் கொடுத்தவள் பானெட்டைப் பற்றிப் பொய் எழுதியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். பானெட்டைத் தங்கள் பொறுப்பில் முழுக்க மெருகேற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை கொண்டு வரச் சொன்னார்.

"ரெண்டு வாளி வேணும்," என்றாள் என் மனைவி. "ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு துணி அலசறதுக்கு. மேலேருந்து கீழே துடைக்கணும். கீழே விழுந்த துணி கார் மேல படக்கூடாது."

மேனேஜர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். இவ்வளவு கவனமாகக் கார் வைத்திருக்கும் ஒருவரை அவர் பார்த்ததே இல்லையாம்.

"கதவு மட்டும் எங்க கணக்கில வராது மேடம்."

"வராதுதான். அது எங்க வீட்டுக் கணக்கு."

மேனேஜர் பழக்கத்தில் சாவியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காரை நோக்கி நடந்தோம். காரிடம் வந்ததும் அவள் ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றுகொண்டு, எதிரே ஓடும் சாலையைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. வரிசையில் நிற்கிற வாசகருக்காக மேசைக்குப் பின்னால் காத்திருப்பது போல நின்றாள்.

வாசனைக் கட்டை உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. நான் சாவியைப் பானெட்டின் மேல் வைக்கப்போய், கோடு விழும் என்று அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவள் உட்கார்ந்து சீட்டை இரண்டு படி முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். நான் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி பெல்ட்டை மாட்டி, அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.