எட்டிப்பார்க்கும் பலகை இல்லாத முதல்தர ஜன்னல் கதவுகள்

ஜெனோவா,
துறைமுகத்துக்கு மேலேயுள்ள சந்து, மூன்றாம் மாடி.

மரியாதைக்குரிய மதினியார் மர்செல்லீனா அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஓர்சோலாவின் கணவன் ஜெரோலமோ பணிந்து எழுதுவது. நான் நலம். நீங்களும், உங்கள் முழங்காலும், யாரைக் கண்டாலும் சீறுகிற உங்கள் பூனையும் நலமென்று நம்புகிறேன். உங்கள் ஊர் கமோலியில் கடல் அமைதியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படியே இருந்தால் சரி. பெட்டியோடு வந்து இறங்கிய ஓர்சோலா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "அந்த மனுஷன் என்னை இருட்டுக்குள்ள போட்டு அடைச்சுட்டாரு" என்றிருப்பாள். நீங்களும் "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இவன் வேண்டாம்னு" என்றிருப்பீர்கள். சொன்னீர்கள், எங்கள் கல்யாணத்தன்று, தேவாலய வாசலில், என் காதில் விழும்படி. அது போகட்டும். இப்போது நடந்திருப்பது ஜன்னல் கதவு விவகாரம். என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு அவளை ரயிலேற்றி அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய மரக் கதவுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உப்புக் காற்று தின்றதுபோக மிச்சம் இருந்ததைப் பச்சை பெயிண்ட்தான் பிடித்து வைத்திருந்தது. ஈஸ்டருக்கு வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் சந்தில் நின்று மேலே பார்த்த நேரத்தில் ஒரு சட்டம் கழன்று அவர் தோளில் விழுந்தது. அவர் ஆசீர்வாதத்தைப் பாதியில் நிறுத்தி வேறு சில வார்த்தைகள் சொன்னார், அவை எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நம் வீட்டில் தரமான கதவுதான் என்று. வேலை பார்த்த காலமெல்லாம் இழுவைப் படகு எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான், எது உருப்படி எது ஓட்டை என்று எனக்கா தெரியாது? கடை கடையாக ஏறினேன். செஸ்ட்நட் மரம் கனம், ஆனால் அடிக்கடி பெயிண்ட் கேட்கும். பிளாஸ்டிக் இரண்டு கோடைக்குள் முதுகு வளையும், என்னைப் போல. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் மத்தியான வெயிலில் அதன்மேல் முட்டை பொரிக்கலாம். நான் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், கீலில் காதை வைத்துக் கேட்டேன். கடைசியில் நேவியோ என்கிற விற்பனையாளனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் மிலான்காரன், எப்போதும் அவசரம்.

"சார், இது ஜன்னல் கதவு, தர்பூசணி இல்ல. எத்தனை தடவ தட்டினாலும் பழுக்காது."

"தம்பி, உங்க ஊர்ல கடல் இருக்கா? இல்லல்ல? அப்ப வாய மூடிக்கிட்டு நில்லு."

இருந்தாலும் அவன் காட்டிய சரக்கு அருமை. உள்ளே அலுமினியம், மேலே மரம் மாதிரியே பூச்சு, சட்டங்கள் ஒன்றோடொன்று பல் பதித்த மாதிரி உட்காரும், மூடினால் மழையும் வராது, சத்தமும் வராது. கீழ்ப்பாதியில் வழக்கமாக இருக்குமே, வெளிப்பக்கமாகத் தூக்கி நிறுத்திவிட்டு முழங்கையை ஊன்றிச் சந்தைப் பார்க்கிற பலகை, அது மட்டும் அதில் கிடையாது. "அது வெச்சா கீல் பலவீனமாயிடும் சார், தரம் போயிடும்" என்றான். தரம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் தலையாட்டிவிட்டேன். மதினி, அந்த இடத்தில் என் தலை எனக்கு எதிராக வேலை செய்தது.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். அளவெடுக்க வந்த நேவியோ "மொத்தம் எத்தனை ஜன்னல்?" என்று சந்தில் நின்று கேட்டான். ஆயுள் முழுக்கத் துறைமுகத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்த வீடாயிற்றே, "அஞ்சு" என்றேன், பெருமையாக. அவசரக்காரன், ஒரு ஜன்னலை மட்டும் அளந்து ஐந்துக்கும் அதையே எழுதிக்கொண்டான், நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த ஐந்தில் ஒன்று சுவரில் வரைந்த ஜன்னல் என்பது கதவுகள் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முகப்பு லட்சணமாக இருக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஓர் ஓவியன் வரைந்து வைத்த பொய் ஜன்னல். போன வருஷம் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது அதையும் புதுசாகத் தீட்டி, அரைக்கதவு திறந்திருக்கிற மாதிரி நிழல்கூடப் போட்டுவிட்டார்கள். நேவியோ சுவரைத் தடவிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சார், நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்றான். அளவெடுத்துச் செய்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வீட்டுக்குள் வைக்கவும் இடமில்லை. ஆகவே அந்த ஜோடியைச் சித்திரத்தின் மேலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். மூடிய நிலையில்தான், வேறெப்படி?

உள்ளே வேறொரு புயல். கதவுகளைச் சாத்திவிட்டுப் பெருமையாக நின்றேன். வீடு கும்மிருட்டு. ஓர்சோலா வந்தாள், கீழ்ப்பாதியைத் தள்ளினாள், மறுபடியும் தள்ளினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"ஏங்க, இது எங்க தூக்கணும்?"

"தூக்கறதெல்லாம் இல்ல. இது முதல்தரம்."

"அப்ப எதிர்வீட்டு இர்மாவ பார்க்க யார் வர்றா, யார் போறான்னு நான் எப்படிப் பார்க்கிறது?"

"பார்த்து என்ன செய்யப் போற? முழுசாத் தொறந்துட்டுப் பாரு."

"முழுசாத் தொறந்தா அவ என்னைப் பார்த்துடுவாளே! இவ்வளவு தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கினீங்களே, ஜன்னல் எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க வாங்கிட்டு வந்திருக்கிறது ஜன்னல் கதவு இல்ல, சவப்பெட்டி மூடி!"

நான் அப்போது வாயை மூடியிருக்கலாம். "அடுத்தவங்க வாசல்ல கண்ண வெக்கிறது சோம்பேறிங்க வேலை, ஒரு பெரிய மனுஷிக்கு இது அழகா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதிலே சொல்லாமல் பெட்டியை எடுத்தாள். பதில் சொல்லாத ஓர்சோலாவை நான் கல்யாணமான நாளாகப் பார்த்ததில்லை.

அவள் போன பிறகு என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. வெயிலுக்காகக் கதவுகளைச் சாத்தியே வைத்திருக்கிறேன், அறை அவ்வளவு இருட்டு. நடுராத்திரி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தால் வெளியே மீன்காரன் பீரங்கி வெடிக்கிற மாதிரி கத்துகிறான், மணி மத்தியானம். சமையலுக்கென்று ஓர்சோலா ஜன்னலோரம் வளர்த்த பசில் செடி வெளுத்துப்போய் நின்ற இடத்திலேயே உயிரை விட்டது. பெரும்பாலும் கடை ஃபோக்காச்சா ரொட்டிதான், வயிறு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு அந்தச் சித்திர ஜன்னல். நேற்று ரொட்டிக் கடையில் இர்மாவே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணே, அந்த ஜன்னல ஏன் சாத்திட்டீங்க?"

"அது சுவரும்மா. உனக்குத் தெரியாதா?"

"சுவருன்னு எனக்கும் தெரியும். எங்க அம்மா காலத்துலேருந்து தெரியும். ஆனா இத்தனை காலம் தொறந்திருந்த ஜன்னல, பொண்டாட்டி ஊருக்குப் போன நேரமாப் பார்த்து ஒருத்தர் சாத்துறார்னா என்ன அர்த்தம்?"

கடையே திரும்பிப் பார்த்தது. மீன்காரன் இப்போது என்னிடம் மீனை நிறுக்கும்போது "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று கண்ணடிக்கிறான். மதினி, நம் அன்னை மரியாள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்தக் கதவுக்குப் பின்னால் செங்கல்லைத் தவிர ஒரு ஜீவனும் இல்லை.

ஆகவே நீங்கள்தான் பெரிய மனசு பண்ண வேண்டும். ஓர்சோலாவை அனுப்புங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கதவில் கை வைக்க மாட்டேன். பலகை வெட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று நேவியோ சொல்லியிருக்கிறான். தரமான பொருளை ஊர்வம்புக்காகப் பாழாக்க என் மனம் ஒப்பாது. அடுத்தவர் வீட்டு வாசலை ஒளிந்திருந்து பார்ப்பது அநாகரிகம் என்ற என் கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை, இதை அவளுக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் முழங்காலை எல்லாப் புனிதர்களும் காக்கட்டும். பூனைக்கும் என் அன்பு, தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
கொள்கை மாறாத
ஜெரோலமோ

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். உறை வாங்க வெளியே போனவன் ரம்பத்தையும் இரண்டு கீலையும் வாங்கிவந்து படுக்கையறை ஜன்னல் கதவின் கீழ்ப்பாதியை அறுத்து மாட்டிவிட்டேன், காற்றுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணலாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் தூக்கினால் நிற்கிறது. சரியாக நிற்கிறதா என்று பார்க்க முழங்கையை ஊன்றினேன். சந்தே தூங்குகிற மத்தியான நேரம். கேக் கடைப் பெட்டியைத் தங்க நாடாவில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஆள் இர்மா வீட்டுக் கதவைத் தட்டினார். தலையில் ஹெல்மெட், அதைக் கழற்றவே இல்லை, ஆனால் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். என்னை மறந்து "ஓர்சோலா, ஓடி வா, யாருன்னு வந்து பாரு!" என்று உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. அப்போதுதான், மதினி, எனக்கு அழுகை வந்தது.

இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளிடம் கொடுங்கள். அந்த ஆளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்தால் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.