குண்டு குண்டான விவகாரம்

அந்த எல்க் மான் வேட்டைக் காலத்துக்குள் புது ரிவால்வர் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். அந்த வீர முடிவை யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாக, அனுமதி தர வேண்டிய என் மனைவி வெர்னாவிடம்.

எங்கள் மொன்டானா மாநிலத்தில் ரிவால்வர் இல்லாத வீடு அபூர்வம். ஆனால் பக்கத்து வீட்டு ஹார்லன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டான். கரடி பார்த்தால் கையைத் தூக்கிவிடும், அதன் குழலுக்கு அவ்வளவு பெரிய வாய். என்னுடையதும் பெரிய வாய்தான். ஆனால் பழசு. வெர்னாவின் சட்டமோ ஒன்றே ஒன்று: "இருக்கறது சுடுதுல்ல? அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

ஆகவே, இருப்பது சுடக்கூடாது. உடைக்க மனம் வரவில்லை. குண்டில் கை வைத்தேன்.

வீட்டிலேயே ஈயம் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பவன் நான். அச்சு இரண்டு பாதி. இடுக்கி மாதிரி மூடும். ஒரு பாதியின் உள்விளிம்பில் மெல்லிய அலுமினியப் பட்டையை ஒட்டினேன். அச்சு சரியாக மூடவில்லை. குண்டு மயிரிழை பருத்து விழுந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களில் பலித்தது இதுவரைக்கும்தான்.

மறுநாள் காலை, ரிவால்வரின் குண்டு போடும் உருளையைக் கழற்றி பான்கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறு அறைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டை வைத்து அழுத்தினேன். ஆறும் கூப்பிடாத விருந்தாளிகள் போல வாசலிலேயே நின்றன.

"என்னங்க இது, சாப்பிடற இடத்துல?"

"போச்சு வெர்னா. துப்பாக்கி போச்சு. அறையெல்லாம் சுருங்கிடுச்சு."

"இரும்பு சுருங்குமா?"

"குளிர்ல சுருங்கும்."

"இது ஆகஸ்ட் மாசம்."

"போன குளிர்ல சுருங்கினது. இப்பத்தான் வெளிய தெரியுது."

அவள் ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"அறை சுருங்கினாப்ல தெரியலையே. குண்டுதான் குண்டா இருக்கு." பிறகு என் தொப்பையைப் பார்த்தாள். "வார்த்தவர் சாயல் வரத்தானே செய்யும்?"

"கேலி பண்ணாதே. இந்தத் துப்பாக்கி இனி எனக்கு ஆகாது. புதுசுதான் ஒரே வழி."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவளோ தலையாட்டினாள்.

"ஆகாதுன்னா ஆகாதுதான். குடுங்க, எடுத்து வைக்கிறேன்."

இவ்வளவு சுலபமா! அன்று இரண்டு பான்கேக் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வெர்னா, ஹார்லனின் மனைவி டோரத்தியோடு எங்கோ கிளம்பினாள். சாயங்காலம் ஒரு முழுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏது இது?"

"துப்பாக்கி கிளப்புல பொம்பளைங்களுக்குக் குறி சுடற போட்டி. முதல் பரிசு."

"எந்தத் துப்பாக்கியால?"

"உங்களுக்கு ஆகாததுதான்."

"குண்டு?"

"நானே வார்த்தேன். முதல்ல அச்சைக் கழுவினேனா, உள்ள என்னமோ பட்டை ஒட்டியிருந்துச்சு. உரிச்சுப் போட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணும் சமர்த்தா உள்ள போச்சு. யாருங்க அதை ஒட்டினது?"

"ஹார்லனா இருக்கும்."

"அவரையும் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. கிளப்பே சிரிச்சுது."

நான் பன்றித்தொடையைப் பார்த்தபடி நின்றேன். அது ஒன்றுதான் அங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெர்னாவே இரங்கினாள். "ஆனா நீங்க சொன்னதும் நியாயந்தான். புதுசு ஒண்ணு வேணும். ரெண்டு பேர் சுடற வீட்டுல ஒத்தைத் துப்பாக்கி எப்படிப் போதும்?"

அடுத்த வாரமே வந்தது. நான் ஆசைப்பட்ட அதே ரகம், அதே பெரிய வாய்.

வெர்னா நல்லவள். அதைத் தொட எனக்கும் அனுமதி கொடுத்திருக்கிறாள், எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது.