ஐந்தரை அங்குலம்

அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று லைல் பிக்கெட் அறிவித்தபோது, காருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது.

சக்கரமும் கிடையாது. தரை பாதிதான் இருந்தது. ஃபோன்டானா ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் முப்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த 1934 ஃபோர்டு கூபே அது. இரண்டு கதவு, நீள மூக்கு, உள்ளே இரண்டு பேருக்கு இடம். அந்த இடத்தில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. லைல் காரை இழுத்து வந்த அன்று இரண்டு கோழிகள் இறங்க மறுத்துக் கூடவே வந்துவிட்டன.

லைல் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஆறடி மூன்று அங்குலம். யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிரானதைச் செய்வது அவர் கொள்கை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து ஆப்பிள் பை மேலும் உப்புத் தூவித்தான் சாப்பிடுகிறார்.

சுவர்க் காகிதச் சுருளின் பின்பக்கத்தில் வரைந்த திட்டத்தைச் சமையலறை மேசையில் விரித்தார். லாரி எஞ்சின் ஒன்றைத் தூக்கி உள்ளே வைப்பது. மட்கார்டுகளைக் கழற்றி எறிவது. கூரையை அறுத்துத் தாழ்த்துவது. மே மாதம் எல் மிராஜ் என்ற வறண்ட ஏரியில் நடக்கும் கார் ஓட்டத்தில் மணிக்கு நூற்று நாற்பது மைல் போவது. இவ்வளவுதான் திட்டம். பார்க்க மிகவும் எளிமையாக இருந்தது, காகிதத்தில்.

அவர் மனைவி நோரீன் கோழி இறகைத் தட்டிவிட்டுத் திட்டத்தைப் படித்தார். நோரீன் ஐந்தடி ஒரு அங்குலம். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்.

"எனக்கு ஒரே ஒரு ஓட்டம் குடு லைல். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"இது ஸ்கூல் பஸ் இல்ல. நடுவுல நிறுத்தி ஆள் ஏத்த முடியாது."

"பதினேழு வருஷமா அறுபது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல ஓட்டுறேன். பஸ்ல ஒரு கீறல் கிடையாது. நீ போன மாசம் சும்மா நின்னுகிட்டிருந்த குப்பைத்தொட்டிய இடிச்ச."

"அது அங்க நின்னிருக்கக் கூடாது."

"அப்போ தர மாட்ட?"

"மாட்டேன். நான் கட்டுற கார், நான்தான் ஓட்டுவேன்."

"சரி," என்றார் நோரீன். இருபத்திரண்டு வருஷ இல்வாழ்க்கைக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதும் லைல் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூரையின் அளவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆர்ட் சலாசர் வெல்டிங் வேலைக்காரர். அந்த வட்டாரத்தில் பாதிக் கார்களுக்குக் கூரை வெட்டியவர். ரம்பத்தை எடுக்கும் முன் அவர்கள் ஒரு வேலை செய்வார்கள். கூரையின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி, கார் மேல் ஒட்டி, அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்குவார்கள். உள்ளே பால் புட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். கார்க்காரர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து, எது அழகு என்று சொல்லுவார். கூரையைத் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் தீர்மானிக்க வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

லைல் எதிர்ப்பக்கம் போய்விட்டார். ஆர்ட்டின் வயிறு கார்க் கதவுக்குள் நுழையவில்லை. ஆகவே பெட்டியில் நோரீன் உட்கார்ந்தார்.

"மூணு அங்குலம்," என்று கத்தினார் ஆர்ட். "இதோட விட்டுடலாம் தலைவரே. உங்க உயரத்துக்கு இதுவே ஜாஸ்தி."

"மூணு வெட்டுறதுக்குப் பதிலா நான் முடி வெட்டிக்குவேன். இறக்கு."

"நாலு."

ஜன்னல் வழியாக நோரீன் தலையை நீட்டினார். "நாலு போதும் லைல். இதுக்கு மேல வேணாம். அசிங்கமா இருக்கும்."

இன்னும் கீழே என்று லைல் கை காட்டினார். "அஞ்சு."

"சொன்னா கேளு லைல்."

"அஞ்சரை."

அட்டை இறங்கியது. கார் பதுங்கிய பூனை மாதிரி தரையோடு தரையாகப் படுத்தது. ஒடுங்கிய ஜன்னலின் நட்டநடுவில் நோரீனின் முகம், சட்டம் போட்ட படம் மாதிரி பொருந்தி நின்றது. லைல் மூச்சு விட மறந்தார்.

"தலைவரே, எதுக்கும் நீங்க ஒரு தடவ உள்ள உக்காந்து பாத்துட்டு..."

"உள்ள உக்காந்தா கார் எப்படிய்யா தெரியும்?"

ஆர்ட் கொஞ்சம் யோசித்தார். "அப்போ சீட்டையாவது தரையோட இறக்கிடுவோம்."

"ஆமா ஆர்ட், அதச் செய்ங்க," என்றார் நோரீன். "அதான் புத்திசாலித்தனம்."

"சீட்டு ஒரு நூல்கூட இறங்காது," என்றார் லைல். சொன்னதோடு நிற்கவில்லை. இனி யாரும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாதபடி, சீட்டு வரப்போகும் இடத்தில் அதைத் தாங்க இரண்டு கனத்த இரும்புக் குழாய்களைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

ஆர்ட் நோரீனைப் பார்த்தார். நோரீன் வானத்தைப் பார்த்தார்.

அறுக்கவும் ஒட்டவும் எட்டு வாரம் ஓடியது. எஞ்சின் ஏறியது, ஸ்டீயரிங் வந்தது. சீட்டு கடைசியாக வந்தது. வெள்ளிக்கிழமை மாலை லைல் முதன்முதலாகக் காருக்குள் ஏறினார். ஒரு கால் போனது. மறு காலும் போனது. இடுப்பு போனது. தலை வெளியே நின்றது. அதைப் பக்கவாட்டில் மடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். காது கூரையில் ஒட்டியது, தாடை தோளில் ஏறியது. தெரு முழுவதும் சாய்ந்து தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் நோரீன்.

"சௌகரியமா இருக்கு."

"தலை சாஞ்சிருக்கே."

"எனக்கு எப்பவுமே கொஞ்சம் சாயும்."

"ஞாயித்துக்கிழமை போக வேணாம் லைல். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே, நோரீனையும் ஆர்ட்டையும் வேகன் வண்டியில் ஏற்றி, காரைப் பின்னால் கட்டிக்கொண்டு லைல் கிளம்பிவிட்டார்.

ஏரி, வெடித்த களிமண்ணாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடந்தது. வரிசையில் நூறு கார்கள். ஹால்வர்சன் என்ற ஒல்லியான பரிசோதகர் அட்டையும் பேனாவுமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விதி சின்னது. ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டு உட்கார வேண்டும். ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

ஹெல்மெட் உள்ளே போனது, லைல் போகவில்லை. லைல் போனார், ஹெல்மெட் போகவில்லை. இரண்டையும் சேர்த்து நுழைக்கப் பார்த்ததில் கதவில் மாட்டிக்கொண்டார். ஆர்ட் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்.

"நான் ஹெல்மெட் இல்லாம ஓட்டிக்கிறேன்," என்றார் லைல்.

"முடியாதுங்க."

"இது என் கார்."

"உங்க கார்தான். உரிமையாளர் லைல் பிக்கெட்னு இதுல போட்டிருக்கு." ஹால்வர்சன் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆனா நீங்க எதுக்கு ஏறி இறங்கிக் கஷ்டப்படுறீங்க? ஓட்டுறவங்க நோரீன் பிக்கெட்டுன்னுல்ல இருக்கு."

லைல் தாளை வாங்கிப் பார்த்தார். மனைவியின் உருண்டைக் கையெழுத்து. படிவம் நிரப்புவது மேசையில் உட்காருகிறவர்கள் வேலை என்று சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து ஒரு படிவத்தையும் லைல் தொட்டதில்லை. தாளில் தேதி மார்ச் பதினொன்று. காரில் அட்டை ஒட்டிப் பார்த்தது மார்ச் பதினாறு.

வேகன் வண்டிக்குப் பின்னாலிருந்து நோரீன் வந்தார். தீப்பிடிக்காத உடுப்பு, கை கால் அளவெல்லாம் கச்சிதமாக இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது போல ஏறி உட்கார்ந்தார். ஹால்வர்சன் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். மூன்றாவது விரலுக்கும் இடமிருந்தது.

"அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு," என்றார்.

"நான்தான் செஞ்சேன்," என்றார் லைல், விட்டுக்கொடுக்காமல்.

அந்த ஏரியில் இம்மாதிரிக் கார்கள் நின்ற இடத்திலிருந்து தாமாகக் கிளம்பாது. வேறொரு வண்டி பின்னால் முட்டி, தள்ளி, வேகம் ஏற்றிவிட வேண்டும். தள்ளப்போவது யார் என்று ஹால்வர்சன் கேட்டார்.

"ஆர்ட்," என்றார் நோரீன். "லைலுக்கு இதெல்லாம் சரிப்படாது."

அவர் சொல்லி முடிக்கும்போது லைல் வேகனில் ஏறி எஞ்சினைக் கிளப்பியிருந்தார். ஆர்ட் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூபேயின் ஒடுங்கிய ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. "மெதுவாத் தள்ளு லைல். முப்பதத் தாண்டாத."

லைல் மிதியைத் தரையோடு சேர்த்து மிதித்தார். முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தொட்டது. அந்த நொடியில் கூபே உறுமி, வேகனை விட்டுப் பிரிந்து, புழுதிக்குள் புள்ளியாக மறைந்தது.

"என்கிட்டயா முப்பதுங்கறா," என்றார் லைல்.

ஆர்ட் கண்ணாடியில் படிந்த புழுதியைத் துடைத்தார். "அம்பதுல தள்ளினாத்தான் இந்த எஞ்சின் பிடிக்கும்னு அவங்க காலையிலயே என்கிட்ட சொல்லிட்டாங்க தலைவரே."